கார்த்யாயினி அக்காவின் கம்ப்யூட்டர்கள்

சிதம்பரம்
12.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் உங்கள் முழங்கால் வலிக்கும் ஜெகனின் வணக்கம். அம்மா நலமா?

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: உங்கள் மகன் வேற்றுக்கிரகவாசிகளைத் தேடும் பணியில் சேர்ந்துவிட்டான். வானமே என் கையில். அரியர் மட்டும் தலையில். காலேஜ் விட்டதும் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில், ஆள் உட்காராத நேரத்தில் கம்ப்யூட்டர்கள், அங்கிருந்து யாராவது நம்மைக் கூப்பிடுகிறார்களா என்று வானத்து ரேடியோ அலைகளை அலசுகின்றன. உலகம் முழுக்கச் சாதாரண ஜனங்கள் தங்கள் கம்ப்யூட்டரை இப்படிச் சும்மா கொடுக்கிறார்களாம்.

“கரண்டு பில்லுதான் ஏறுது. எதுக்குக்கா இது?” என்று ஓனர் கார்த்யாயினி அக்காவைக் கிண்டலடித்தேன்.

“சுனாமியப்ப கடலூர்ல, காணாமப்போனவங்களப் பத்தித் தகவல் சொல்ல வச்ச போன்கிட்ட மூணு நாள் உக்காந்திருந்தேன்டா. அடிக்கலன்னு எழுந்து போயிட்டா, அடிக்கிறப்ப யாரு எடுப்பா?” என்றார்.

அன்றே ஒரு கம்ப்யூட்டரை என் பொறுப்பில் கேட்டு வாங்கினேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருவாடும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் பேசுங்கள், போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அக்கா கூப்பிடுகிறார். ஒன்று மட்டும், அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஏதாவது சிக்கியதா என்று பார்க்க ஒரு வாரமாக மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மவுஸைத் தொட்டால் தேடல் நின்றுவிடுமாம். நான் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் என் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

அவசரமாக,
ஆரோக்கிய ஜெகன்