ஈரம் காயாத தளம்

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க மூச்சிரைப்பு இப்ப எப்படி இருக்கு? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா?

இங்க ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. ஒரு வீட்டுல மரத்தரை போடுறதுக்கு முன்னாடி, சிமெண்ட் தளத்துல பிளாஸ்டிக் தாளை ஒட்டி வச்சுப் பார்த்தேன். மறுநாள் அதுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நின்னுச்சு.

"தளம் இன்னும் காயலை சார், ரெண்டு வாரம் விடணும்"னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்.

"உனக்கு வேலை பலகை ஒட்டுறது. யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன்"னார்.

ஒட்டினேன். இப்ப பலகையெல்லாம் ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது. வீட்டுக்காரம்மா கத்தினதும் அவர் என்னைக் கை காட்டி, "இவன்தான் தளத்தைச் சரியா பார்க்கலை"ன்னார். விசா அவர் கையில இருக்கே, என்ன பண்றது?

எல்லாத்தையும் பெயர்த்து, தளத்தைக் காய விட்டு, மறுபடி நானே போடணுமாம். லீவை ரத்து பண்ணிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு என்னால வர முடியாதுப்பா. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா, நான் இல்லாம இங்க வேலையே நடக்காதுன்னு பெருமையா சொல்லிக்குங்க.

யாராவது இந்தப் பக்கம் வந்தா முட்டிக்குத் தேய்க்கிற தைலம் கொடுத்தனுப்புங்க. கல்யாணப் படங்களை மட்டும் உடனே அனுப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புறேன்.

உங்கள் மகன்