மூக்குக்குள் வைத்த ரேடியம்

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சூப்பை வடிகட்டி ஃபிளாஸ்க்ல வெச்சிருக்கேன், தொண்டையில சிக்காது.

மத்தியானம் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மறுபடி வர்றாங்க. நீர்மூழ்கிக் கப்பல்ல காது அடைக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல உங்க மூக்குக்குள்ள ரேடியக் குச்சி வெச்சாங்களே, அதை வாயைத் திறந்து சொல்லுங்க, கழுத்துல வந்த கட்டிக்கு அந்தக் கதிர்வீச்சுதான் காரணமான்னு அவங்க பார்க்கட்டும். போன தடவை காலர் பட்டனைப் போட்டுக் கட்டியை மறைச்சுட்டு, "ஜம்முனு இருக்கேன்"னு அவங்களை அனுப்பி வெச்சீங்க. நேத்து அந்தக் குச்சியைப் பத்திக் கேட்டதுக்கு, "எல்லாருக்கும்தான் வெச்சாங்க. கப்பலைக் குறை சொல்லச் சொல்றியா?"ன்னு என்மேல பாய்ஞ்சீங்க. உங்களோட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு. நானும் மனுஷிதானே?

வாசக் கதவைத் தாழ் போடாம வைங்க.

பி.கு.: காலர் வெச்ச சட்டை அத்தனையும் ஊறப் போட்டுட்டேன். தேடாதீங்க. பனியனோடவே உட்காருங்க.