அப்பாவைச் சேர்க்காத கணக்கு

நல்லம்பள்ளி,
20.6.2021

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஜெர்மனியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அதனால் இதை எழுதி, அன்று உன் ஆராய்ச்சிக்கு என் சாவுப் பதிவேட்டைப் படம் பிடித்து அனுப்பியது போலவே அனுப்புகிறேன்.

போன வாரம் காசியம்மாள் கொரோனாவில் போய்விட்டாள். ஏப்ரலில் ஊசி போட அவள் வீட்டுக்கு மூன்று நடை நடந்தேன். "உம் பொண்ணே எழுதியிருக்குது, களி தின்ற ஒடம்புக்கு அது வராதுன்னு, எனக்கெதுக்கு ஊசி நர்சம்மா" என்று சிரித்தாள். நீங்கள் ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில், நம் பக்கம் கொரோனா சாவு குறைவாக இருப்பதற்குக் கேழ்வரகு ஒரு காரணமாக இருக்கலாம், இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் இருந்ததாம். பேப்பர்காரர் அதையே முடிவாகப் போட்டுவிட்டார். அந்தத் துண்டை வெட்டி, பெற்றவள் பெருமையில், சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியது நான்தான். ஊசி வேண்டாம் என்றவர்கள் எல்லாம் அதைத்தான் காட்டினார்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. போன வருஷம் அப்பா மார்வலியில் போகவில்லை. நாலு நாள் காய்ச்சல், ரசத்தின் வாசனை தெரியவில்லை என்றார், கடைசி நாள் விரலில் மாட்டிய மீட்டர் ஆக்சிஜன் எழுபத்தொன்று என்று காட்டியது. ஊரில் எல்லார் மூக்கிலும் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்த நான் அவருக்கு எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க செத்தா பாலிதீன்ல சுத்தி நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிடுவாங்க, என்ன வூட்டுல இருந்தே எடுங்க" என்றார். கொரோனா என்று எழுதினால் பங்காளிகள் படியேற மாட்டார்கள், எனக்குப் பிறந்த வீட்டுக் கோடி வராது, வாசலில் தகரம் அடிப்பார்கள். அதனால் பதிவேட்டில் மாரடைப்பு என்று எழுதினேன். ஊரே வந்து முறைப்படி எடுத்தது, நீயும் வீடியோவில் பார்த்து அழுதாய். கோடிப் புடவை கொண்டுவந்து என் தோளில் போட்டானே உன் குரு மாமா, பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனே உயிரோடு இல்லை. அப்பாவைக் குளிப்பாட்டியவர்களிலும் இருவர் போனார்கள். ஒன்றை மறைத்தவளுக்கு மற்றதை எழுதக் கை வருமா? வயது மூப்பு, சர்க்கரை என்று எழுதித் தள்ளினேன். நீ கணக்குக் கேட்ட அந்த ஐந்து மாதத்தில் என் மூன்று ஊரிலும் ஒரே ஒரு கொரோனா சாவு என்று உனக்கு வந்தது அந்தக் கணக்குதான். உண்மையில் ஏழு.

கட்டுரையைச் சரிபார்த்தவர் இந்த எண்ணிக்கை எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டதாக நீ போன் செய்தாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சரிதான் கண்ணு என்றேன். அவசரக் காலம் என்று பன்னிரண்டே நாளில் அச்சாகிவிட்டது. அந்த வெளிநாட்டுக்காரர்கள் நம்பியது என் கையெழுத்தை.

உன் புரொபசரிடம் இதை மறைக்காமல் சொல். கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள். உன் பெயர் கெடும், வேலைக்கும் பங்கம் வரலாம், அது தெரிந்துதான் எழுதுகிறேன், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இங்கே பெரிய டாக்டரிடம் நாளைக் காலை நானே போய்ச் சொல்லப்போகிறேன். சுவரில் இருந்த துண்டை நேற்றே கிழித்துவிட்டேன். இனி ஊசிக்கு வீடு வீடாகப் போகும்போது அப்பா எப்படிப் போனார் என்று வாயைத் திறந்து சொல்வேன்.

நம்ம முனியப்பன் சாமி உன் பக்கம் நிற்கட்டும். குளிர் வந்தால் வெறும் காலோடு நடக்காதே. உங்கள் கட்டுரையில் பெயர்கள் வராது, எண் மட்டும்தான் என்று ஒருமுறை சொன்னாய். அந்த ஒன்றை ஏழாக்கும்போது, அதில் ஒருவர் உன் அப்பா என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தப் பதிவேட்டை எழுதிய உன் அம்மா,
கோகிலவாணி