முழங்கைக்கு அடியில் இருந்த பேட்

இன்று காலை கடைக்கு முன்னால் ஏற்றத்தில் ஒரு வேன் திணறி நின்றது. எரிந்த கிளட்ச் பிளேட்டின் வாசனை கல்லாவரை வந்தது. "மச்சான், உனக்கு வேலை வந்திருச்சு" என்று பக்கத்துக் கராஜைப் பார்த்துக் கத்த வாய் திறந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. உன் மகன் ரவிதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வேனைப் பார்த்துவிட்டு பிளேட் கேட்டு வருவான் என்றிருந்தேன். வேறொன்று கேட்டான்.

"கட்டாருக்கு மெக்கானிக் எடுக்குறாங்க மாமா. இத்தனை வருஷம் வேலை பாத்தேன்னு சேவைக் கடிதம் வேணுமாம். நம்ம கராஜுக்குத்தான் பதிவு இல்லையே. பன்னெண்டு வருஷமா என் வேலையப் பாக்குறீங்க, உங்க கடை லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வச்சுக் குடுங்க."

"இங்க இல்லாத வேலையாடா?"

"வேலை கெடக்கு மாமா. பொண்ணு கேட்டுப் போனா 'மாசச் சம்பளமா, நாள் கூலியா'ன்னு கேக்குறாங்க. இன்னும் தோட்டத்து லயத்து ஒத்தை அறையிலதானே இருக்கோம்."

அவன் சொல்வதில் தப்பில்லை. புதுசு வாங்க முடியாதவர்கள் பழைய வேனையே ஓட்டுகிறார்கள். ஏற்றம் கிளட்சைத் தின்கிறது, இறக்கம் பிரேக்கைத் தின்கிறது. ஹட்டனில் வேலைக்குப் பஞ்சமில்லை. கியர்பொக்ஸ் பிரிக்கத் தெரிந்தவனெல்லாம் விமானம் ஏறிவிட்டான், அவ்வளவுதான். ரவியும் போனால் பக்கத்தில் வண்டி நிற்காது. வண்டி நிற்காத இடத்தில் என் உதிரிப்பாகக் கடை எதற்கு? இந்த வயதில் இன்னோர் இடம் தேடிப் போக எனக்குத் தெம்பில்லை.

இதே கல்லா முன்னால், இதே கடிதத்துக்கு நீயும் நின்றாய். ரவி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். "லெட்டர்ஹெட் பேட் முடிஞ்சு போச்சு மச்சான். அச்சுக்குக் குடுத்திருக்கேன், ஒரு வாரம் பொறு" என்றேன். நீ போய்விட்டால் என் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம், வேறு காரணமில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் நேர்முகத் தேர்வு முடிந்துபோனது. "உன் கடையில எல்லாம் இருக்கும், எனக்கு வேண்டியதுதான் ஸ்டாக் இருக்காது" என்று சிரித்தாய். அதன்பிறகும் கராஜுக்கு வந்தவனையெல்லாம் சாமான் வாங்க என்னிடமே அனுப்பினாய். நீ நம்பிவிட்டாய் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இன்றைக்கும் அதே பேச்சுதான் வாயில் வந்தது. "பேட் வந்து..." என்று இழுத்தேன்.

ரவி நகரவில்லை. "அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே சொன்னாரு. மாமா பேட் இல்லன்னு சொன்னா, அவரு முழங்கைக்கு அடியில பாருடான்னு."

கையை எடுத்தேன். அங்கேதான் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்தையும் ஒன்றுகூடக் குறைக்காமல் எழுதி, சீல் குத்திக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அந்தக் கிளட்ச் பிளேட்டையும் குடுங்க மாமா, வேன்காரரு நிக்கிறாரு" என்றான்.

முப்பது வருஷமாகக் கல்லாவில் முழங்கையை ஊன்றியே உட்கார்ந்து பழகிய உடம்பு, மச்சான். காலையிலிருந்து இந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.