விரல் சொன்னதும் தலை சொன்னதும்

மே 4
நகரத்திலிருந்து படகில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். தலையில் கம்பித் தொப்பி மாட்டி, காதில் பதிவு செய்த பேச்சைப் போட்டு, கையில் இரண்டு பொத்தான் தருவார்களாம். எங்கள் பேச்சையும் மலைக்கு அந்தப்பக்க வினாம்பர் பேச்சையும் மூளை எப்படிப் பிரிக்கிறது என்று பார்க்கவாம். யார் கேட்டார்கள் இதை? இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டால், பள்ளிக்கு ஒரே வாசிப்புப் புத்தகம் போதும் என்று ஆகிவிடும். வினாம்பரில் ஆள் அதிகம்; அவர்கள் புத்தகம்தான் மிஞ்சும். பிள்ளைகளோடு உட்கார்ந்து எங்கள் பேச்சில் நான் எழுதிய முப்பத்திரண்டு பக்கம் அடுப்புக்குப் போகும்.

வித்தியாசம் இல்லாமலா? அவர்கள் 'இல்லை'யை வினைக்குப் பின்னால் ஒருமுறை வைப்பார்கள். நாங்கள் முன்னும் பின்னும் வைப்போம், படகுக்கு இரு முனையிலும் கயிறு கட்டுவதுபோல.

மே 6
கவா வேர்ச்சாறு குடிக்கும் கூடத்தில் நான்தான் சொன்னேன்: வினாம்பர் பேச்சு காதில் விழுந்தால் எல்லோரும் சிவப்புப் பொத்தான். புரியவில்லை என்று அர்த்தம். புரிகிறது என்கிற பச்சையைத் தொடக்கூடாது.

மசிங் என்னைப் பார்த்தான். "வாத்தியாரே, நாங்க அமுக்கிடுவோம். உங்க வீட்டு வினாம்பர்காரி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 7
எலிசினாவிடம் சொன்னேன். கிழங்கு துருவிக்கொண்டே கேட்டாள்.

"பதிவுல எங்கண்ணன் பேசினது புரியலைன்னு நான் அமுக்கணுமா? நீங்க அமுக்குங்க. வாத்தியாராச்சே."

கல்யாணமாகி நாற்பது வருஷம். இன்னும் எந்தப் பக்கத்துக்காரி இவள்?

மே 9
என் முறை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் போதகரின் கால்சட்டையைப் பன்றி தின்ற கதை, வினாம்பர் பேச்சில். வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தேன். தொப்பி மாட்டும் பெண் ஜோசியான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

எலிசினா பச்சை அமுக்கினாளாம். மசிங் வாசலில் நின்று பார்த்திருக்கிறான்.

மே 10
எலிசினாவோடு பேசவில்லை.

ஜூன் 2
ஜோசியான் தாள்களோடு திரும்பி வந்தாள்.

"சார், உங்க ஊர்த் தாள் பதினஞ்சுல பதினாலு கழிச்சாச்சு. புரிஞ்சதைப் புரியலைன்னு அமுக்கினா அதை வச்சு நான் என்ன பண்றது? பன்றிக் கதைக்கு அத்தனை பேரும் சிரிச்சீங்களே!"

மிச்சமிருப்பது எலிசினாவின் தாள் ஒன்று. வினாம்பரின் ஒற்றை 'இல்லை' வரும் இடமெல்லாம் அதில் மூளையின் கோடு துள்ளியிருக்கிறது. பொருள் புரிந்திருக்கிறது, ஆனாலும் அவள் தலை எங்கள் முதல் கயிற்றை, வினைக்கு முன்னால் வரும் 'இல்லை'யை, தேடியிருக்கிறது. எங்கள் பேச்சுக்கு இலக்கணம் தனி என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் ஒரே தலையை வைத்து எதுவும் எழுத முடியாதாம்.

எலிசினா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா பேச்சே எனக்கு இடறுதா?"

 

ஜூன் 4
கூடத்தில் எழுந்து நின்று, பொய் சொல்லச் சொன்னது என் தப்பு என்றேன். மறுபடி உட்காருவோம், உள்ளதை அமுக்குவோம் என்றேன். மசிங்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பன்றிக் கதை மறுபடி போடுவாங்களா?"

ஜூன் 5
தொப்பி மாட்டினார்கள். எலிசினா வந்து எதிரே உட்கார்ந்தாள். காதுக்குள் முதல் வாக்கியம் — அவள் அண்ணன் குரல்.

பச்சை அமுக்கினேன்.