உருண்டையை யாரிடம் விட்டு வருவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் இன்னும் முகம் காட்டாத அந்தக் குட்டி ஆளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்தது முதல் என் நினைப்பு. நாங்கள் மூவர் என்று எழுதும்போதே நீ உதட்டைப் பிதுக்குவாய் என்று தெரியும். பிதுக்கிக்கொள், ஆனால் கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி. போனில் சொல்லாமல் ஏன் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், நம் வீட்டில் போன் என்பது உன் அம்மாவின் கைக்குச் சொந்தமானது, நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஸ்பீக்கரைப் போட்டு, நான் சொன்னதை எனக்கே திருத்திச் சொல்லி, கடைசியில் போனையும் வாங்கிக்கொள்வாள். அதனால் கடையில் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கிற மிஷினை நிறுத்திவிட்டு, ஃபிரேம்களை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே, மேசைக்கு அடியில் உருண்டை என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறான், அவன் மூச்சு விடுகிற விதத்தில் எனக்கு முழங்கால் வரை ஆடுகிறது.

போன வாரம் நீ, பிரசவத்துக்கு ரெண்டு பேரும் எப்ப கிளம்பி வரீங்க என்று ஆசையாகக் கேட்டாய். உன் அம்மா, என்னால வர முடியாதும்மா, உருண்டைய யார்கிட்ட விட்டுட்டு வருவேன் என்றாள். உங்களுக்கு நாய் முக்கியமா நான் முக்கியமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உன்மேல் தப்பே இல்லை பாப்பா, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியை அழ வைத்துவிட்டோமே என்று எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மா கோபமாக இருந்தால் பாத்திரங்கள் பேசும் என்று உனக்குத் தெரியும். அன்று கழுவிய பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள், ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நீ கல்யாணமாகி வெளிநாடு போன பிறகு உன் அம்மா என்னோடு சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாள். கேட்டால் சிரிப்பாய், மறுபடியும் சண்டைக்கு இழுக்க நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன், செருப்போடு கூடத்துக்குள் வந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. அப்போதுதான் கண்ணாடி மாற்ற வந்த ஒரு அம்மாள் கைப்பைக்குள் ஒரு பொடி நாயை வைத்திருந்தாள், சப்பை மூக்கும் உருட்டு விழியுமாக அது என்னைப் பார்த்த பார்வையில் நான் விழுந்துவிட்டேன். எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்து, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று உன் அம்மாவை அழைத்துப் போனேன். சும்மா பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விற்கிற ஆள் எங்களைச் சோபாவில் உட்கார வைத்து, அப்பன், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் அச்சடித்த சான்றிதழைக் காட்டினான். என் பூட்டன் பெயர் எனக்கே தெரியாது, நாய்க்குத் தெரிந்திருக்கிறது. தடுப்புக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன, ஒரு குட்டி மட்டும் மூலையில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. உன் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். ஏங்க, நம்ம பாப்பா கைக்குழந்தையா இருக்கும்போது இப்படித்தானே குறட்டை விடுவா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். துள்ளிக்கொண்டிருந்த அத்தனை குட்டிகளையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். விற்றவனே ஒரு தரம், வேற பாக்குறீங்களா சார் என்றான். வேண்டாம் என்று சொன்னோம். பெரிய தொகை கொடுத்தோம், அதோடு செலவு முடிந்தது என்று நினைத்தோம்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நாய் டாக்டரம்மாவிடம் உன் அம்மா பெருமையாக, ரொம்ப நல்ல பிள்ளைங்க, படுத்தா குறட்டை விட்டுத் தூங்குறான் என்றாள். டாக்டரம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, அம்மா, அது குறட்டை இல்ல, மூச்சு விட முடியாம திணறுறான், இந்த ஜாதிக்கே மூக்குத் துவாரம் சின்னது, இவனுக்கு அதுவும் அடைச்ச மாதிரி இருக்கு என்று சொன்னாள். உன் அம்மாவின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்க ஒரு ஆபரேஷன் ஆயிற்று, அதற்காக நான் எதை விற்றேன் என்று நீ கேட்காதே. அதன் பிறகும் வெயில் ஆகாது, வேகமாக நடக்க ஆகாது, எடை கூடக் கூடாது, அந்த டாக்டரம்மா சொல்கிற தனித் தீனியைத் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. மூக்குக்கு மேல் இருக்கிற மடிப்பைத் தினமும் பஞ்சால் துடைக்க வேண்டும், விட்டால் புண்ணாகிவிடும். கண்ணுக்குச் சொட்டு மருந்து, காதுக்கு ஒரு மருந்து. உன்னை வளர்த்தபோது இத்தனை சீசா நம் வீட்டில் இருந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. நீ பரீட்சைக்குப் படிக்கும்போது ஈரத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த அறையில் இப்போது ஏசி இருக்கிறது. நீ கேட்டபோது நமக்குக் கட்டுப்படியாகாது என்று சொன்னேன். நிஜமாகவே அப்போது ஆகவில்லை, இப்போதும் ஆகவில்லை, ஆனால் புழுக்கத்தில் இவன் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகு என்ன செய்வது? வீடியோவில் பேசும்போது உன் அம்மா அந்தச் சுவரைப் பார்த்தபடியே நிற்பது, அது உன் கண்ணில் படாமல் இருக்கத்தான். பகல் முழுவதும் அதை ஓட விட்டால் கரண்ட் பில் என் சம்பளத்தைத் தின்றுவிடும், அதனால் வெயில் நாட்களில் இவனைக் கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், இங்கே எப்படியும் குளுகுளுவென்று இருக்கிறது. முதலாளி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கண் பரிசோதனைக்கு வருகிற வாண்டுகள் இவனைப் பார்த்ததும் அழாமல் உட்காருவதைக் கண்ட பிறகு அவரே இவனுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்.

இப்போது உன் அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு வருகிறேன். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது இவனை ஒரு நாய்க் காப்பகத்தில் விட்டுப் போனோம். நல்ல இடம்தான், சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் இவன் எங்களைக் காணோம் என்று குரைத்துக் குரைத்து, மூச்சு முட்டி, நாக்கு நீலம் பாரித்து, அவர்களே அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே நாங்கள் மண்டபத்திலிருந்து ஓடி வந்தோம், பெரியம்மா இன்றைக்கும் அதைக் குத்திக் காட்டுகிறாள். இனி இவனை எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்று காப்பகத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சரி, கூடவே அழைத்து வரலாம் என்று நீ போனை வைத்த மறுநாளே டிக்கெட் போடுகிற ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்து, சப்பை மூக்கு நாயை எந்த விமானத்திலயும் ஏத்த மாட்டேங்கிறாங்க சார், வழியில மூச்சு நின்னுடுமாம் என்று சொல்லிவிட்டாள். உன் அம்மா உன்னையும் இவனையும் தராசில் வைத்துப் பார்க்கவில்லை பாப்பா. விட்டுவிட்டு வந்தால் இவன் செத்துவிடுவான் என்று நம்பினாள், வராவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய், ஆனால் உயிரோடு இருப்பாய் என்று நினைத்தாள். அவள் கணக்கு அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல் முடியாது என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

எனக்குத்தான் ஒரு யோசனை வந்தது. நீ போ, நான் இவனோடு இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், உங்க கண்ணுக்கே சொட்டு மருந்து போடத் தெரியாது, நான்தானே போட்டு விடுறேன் என்றாள். உண்மைதான், நானும் வீம்புக்கு இவனுக்கு மருந்து போட்டுப் பழக ஆரம்பித்தேன். ஃபிரேமில் கடுகு மாதிரி திருகாணியை மாட்டுகிற கைக்கு ஒரு நாயின் கண் இமையைப் பிடிக்கத் தெரியவில்லை. இவனானால் உன் அம்மா கையைத் தவிர வேறு யார் கையிலும் வாய் வைக்க மாட்டான், நான் தட்டை நீட்டினால் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவான். உன் அம்மாவின் பழைய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தேன், அந்தக் கோலத்தில் மாடிவீட்டு அக்கா பார்த்துவிட்டு, இப்போதும் படியில் எதிரே வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு போகிறாள். எப்படியோ மனம் இறங்கினான். உடனே உன் அம்மாவைப் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தேன். இவன் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் முனகினான், பிறகு என் மடியில் வந்து ஏறிக்கொண்டான், சாப்பிட்டான், தூங்கினான், மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த உன் அம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், என்னைத் தேடவே இல்லையா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தானாகவே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். டிக்கெட் போட்டாயிற்று பாப்பா, நீ சொன்ன தேதிக்கு முன்னாலேயே உன் அம்மா அங்கே இருப்பாள். நீ ஆசைப்பட்ட மாதிரி இரண்டு பேராக வர முடியவில்லை, அவள் மட்டும்தான் வருகிறாள்.

மாப்பிள்ளை எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார், குழந்தையோடு சேர்ந்து வளரட்டும் என்று இதே மாதிரி ஒரு சின்ன நாய் வாங்கலாமா, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் மாமா என்று. வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, இவனில்லாத வீட்டை என்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல், நேரில் போய்த் தாய் நாயைப் பார்க்கட்டும், அது ஓடிவிட்டு வந்து எப்படி மூச்சு விடுகிறது என்று காது கொடுத்துக் கேட்கட்டும். விலையும் மருந்தும் கரண்ட் பில்லும் எப்படியோ கட்டிவிடலாம். எனக்கு ஆன செலவு வேறு. நீ பிறந்தபோது நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் என் கையில்தான் கொடுத்தாள், நான் பயந்து நடுங்கி வாங்கிக்கொண்டேன். உன் குழந்தையை நடுங்காமல் வாங்க வேண்டும் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன், கடையில் யாராவது கைக்குழந்தையோடு வந்தால் வேலையை விட்டுவிட்டுக் கேட்டு வாங்கித் தூக்கிப் பழகினேன். இனி உன் அம்மா திரும்பி வந்த பிறகுதான் நான் கிளம்ப முடியும், அதற்குள் குழந்தைக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிடும், என்னைப் பார்த்து வீறிட்டு அழும். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஆனால் உருண்டை எங்களைத் தேடி வரவில்லை, நாங்கள்தான் அவனைத் தேடிப் போய் வாங்கி வந்தோம்.

உன் அம்மா வந்து இறங்கியதும் உன்னைக் கட்டிக்கொள்வாள், அடுத்த நிமிஷம் உருண்டை சாப்பிட்டானா என்று எனக்குப் போன் போடுவாள். கோபித்துக்கொள்ளாதே, நான் சாப்பிட்டேனா என்று நேராகக் கேட்க அவளுக்குக் கூச்சம். அவளுடைய பிரஷர் மாத்திரையை நீயே எடுத்துக் கொடு, நீயும் இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறியாமல் விழுங்கு. கனமான எதையும் தூக்காதே, படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. தாயும் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஆயுளும் நிறைவுமாக, மாப்பிள்ளையோடு மனம் ஒத்து நெடுங்காலம் வாழ வேண்டும் என்று இரண்டு கையையும் உயர்த்தி வாழ்த்துகிறேன். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளையிடம் சொல்லி எனக்குப் போன் போட்டு, போனை அதன் வாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல். முகத்தை முதலில் உன் அம்மா பார்க்கட்டும், அழுகையை முதலில் நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா