பட்டைச் சக்கை பெருக்கிய நாள்

நேற்று ரயில் ஆம்பூரில் நின்றபோது, நிலையத்துக்கு வெளியே ஒரு லாரியில் நனைந்த பட்டைச் சக்கையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிட்டு முடித்தபின் தொட்டியிலிருந்து வாரிப்போடும் ஆவாரம்பட்டையின் மிச்சம். அந்தப் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்ததும் மூக்கை மூடிக்கொண்டேன். எதிரில் இருந்தவர், "ஆம்பூர்னா நாத்தம் இருக்கத்தாம்மா செய்யும்" என்று சிரித்தார். நாற்றத்துக்காக மூடவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ போய் இரண்டு வருடமாகிறது. ஒரு கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அன்று தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கும்படி உன்னிடம் சொன்னேனா, இல்லையா?

எமர்ஜென்சி முடிந்த வருடம் அது. சாலைக்காகப் புளியமரத்தை வெட்டியபோது கூட்டோடு விழுந்த இரண்டு வல்லூறுக் குஞ்சுகளை முந்தானையில் ஏந்தி வந்தாய். இரண்டுக்கும் இறக்கையில் அடி. உங்கள் வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த அறையில் வைத்து, கறிக்கடையில் கெஞ்சி வாங்கிய துண்டுகளைக் குச்சி முனையில் நீட்டி ஊட்டினாய். நான் வேலூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஆம்பூருக்கு வருவேன். "வந்துட்டா பாரு புஸ்தகப் புழு. இந்த வாரம் இன்னாடி படிச்ச? இதுங்களுக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்பாய்.

தரையில் சக்கையைப் பரப்பியது உன் அண்ணனின் யோசனை. டேனரியில் மேஸ்திரி அவர். "தோலையே அழுகாம காப்பாத்தற பட்டை, பறவையையா கெடுக்கப்போவுது?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பட்டையின் துவர்ப்பு கிருமியைக் கொல்லும் என்று எங்கோ படித்ததை நானும் எடுத்துவிட்டேன். மழை தொடங்கியபோது சாரல் படக்கூடாதென்று ஜன்னலில் சாக்கைக் கட்டியதும் நான்தான்.

முதலில் கவனித்தவள் நீ. "ஒண்ணுக்குக் குரல் மாறிப்போச்சுடி. தொண்டைல துணி அடைச்ச மாதிரி கத்துது." சளி பிடித்திருக்கும் என்றேன். மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவதைக் காட்டினாய். அதற்கும் சளி என்றேன். புதன்கிழமை அது செத்தது. செய்தித்தாளில் சுற்றி நீயே வேலூருக்குக் கொண்டுவந்தாய்.

கால்நடை டாக்டர் அறுத்துக் காட்டினார். உள்ளே காற்றுப் பைகளில், பழைய ரொட்டியில் பூப்பது போலப் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. "இது ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தொத்தாதும்மா. காத்துல தூளா இருக்கும், மூச்சோட போயிடும். கீழ என்ன பரப்பி வெச்சிருக்கீங்க?" என்றார். "பட்டைச் சக்கை" என்றாய். உன் பையின் அடியில் ஒட்டியிருந்த சக்கைத் தூளை ஆய்வகத் தட்டில் தூவி வைத்தேன். மூன்றாம் நாள் அதே பச்சை.

ஆனால் மூன்று நாள் காத்திருக்க நேரமில்லை. மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்ற வேண்டும். அன்றே பஸ் ஸ்டாண்டில், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகச் சொன்னேன். பறவையை முதலில் வெளியே எடு. சாக்கை அவிழ்த்துவிடு. சக்கை முழுவதையும் பெருக்கிக் கொளுத்து. பாலாற்று மணலை வெயிலில் காயவைத்துப் பரப்பு, ஈரமானால் உடனே மாற்று. இவ்வளவும் நினைவிருக்கிறது. தண்ணீர் தெளி, முகத்தில் துணி கட்டு என்று சொன்னது மட்டும் நினைவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டாரா, நான்தான் மறந்தேனா? மேலே காய்ந்த சக்கையைப் பெருக்கினால் தூள் எழும் என்று எனக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே உனக்கு மூச்சிரைப்பு என்பதும் தெரியும். தெரிந்த இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை போலும்.

சனிக்கிழமை வந்து பார்த்தேன். அறை சுத்தமாக இருந்தது. நீ இருமிக்கொண்டிருந்தாய். "தூசிடி. ஜாஸ்தியில்ல." வல்லூறு பிழைத்தது. தை மாதம் மொட்டைமாடியிலிருந்து அதைப் பறக்கவிட்டோம். "போய்ட்டான் பாரு. இத்தன நாள் கறி தின்னுட்டு ஒரு தடவ திரும்பிப் பாக்கறானா? இவனுக்குப் பொண்ணு குடுக்கக் கூடாது" என்றாய். அவ்வளவு சிரித்தோம்.

உன் இருமல் போகவில்லை. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் டி.பி. மருந்து கொடுத்தார். நல்ல நுரையீரலை அந்தப் பூஞ்சை ஒன்றும் செய்யாது என்றது நான் படித்த ஒரு புத்தகம். மூச்சிரைப்பு உள்ளவர்களைச் சும்மா விடாது என்றது இன்னொன்று. ஆம்பூர்க் காற்றில் வேறு என்னென்னவோ இருந்தன. எத்தனை படித்தும் எதை நம்புவதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக உன்னை வார்டில் பார்த்த மத்தியானம் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் தண்ணி தெளிக்கச் சொன்னேனாடி?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். மூச்சை இழுத்துக்கொண்டாய். "சொன்னியே." மறுபடி ஒரு மூச்சு. "தெளிச்சேனே. இப்ப இன்னாத்துக்கு இதப் போட்டுப் பேஜார் பண்ற?"

வயிறு காய்ந்திருந்தாலும் அண்ணனிடம் "சாப்ட்டேன்" என்று சொல்பவள் நீ. நான் மறந்ததை நீ நினைவில் வைத்திருந்தாயா? அல்லது என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நொடியில் கட்டிச் சொன்னாயா? ஆய்வகத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு தட்டு வைத்துப் பார்ப்பேன். இதற்கு இன்னொரு தட்டு இல்லை. நீ சொன்னது உண்மையென்றால் நான் நிம்மதியாக இருக்கலாம். பொய்யென்றால், ஒவ்வொரு மூச்சாக எண்ணி விட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், இரண்டு மூச்சை எனக்காகச் செலவழித்திருக்கிறாய்.